குடுவையின் வயிறும் உளியின் நீட்டமும்

பட்டறைக் கேள்விகள்

சென்ற முறை மரக்கிண்ணம் கடைவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். கிண்ணம் கைக்கு வந்துவிட்டது, இனி வாய் சிறுத்து வயிறு பெருத்த குடுவை கடைய வேண்டும், உள்ளே குடைய எந்த உளி வாங்குவது? அதனால் இந்த முறை முழுக்கக் குடைவு உளிதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் 31 வருடம் போரிங் மெஷினில் நின்றவன். இரும்புக்குள் இருக்கும் ஓட்டையைச் சொன்ன அளவுக்குப் பெரிதாக்குவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகுதான் மரத்துக்கு வந்தேன். என் பதில்களில் கொஞ்சம் இரும்பு வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து அங்குல மினி லேத் வைத்திருக்கிறேன். பூவரசில் ஏழெட்டுக் கிண்ணம் கடைந்துவிட்டேன். இப்போது பூ வைக்க, செம்பு மாதிரி ஒன்று கடைய ஆசை. ஆன்லைனில் குடைவு உளிகள் மூன்று, ஐந்து என்று செட்டாகக் கிடைக்கின்றன. எந்த செட் நல்லது? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: செட் வேண்டாம். ஐந்தில் மூன்று எண்ணெய் தடவிய உறையிலேயே கிடக்கும்.

உங்கள் கடிதத்தில் லேத்தின் அளவு இருக்கிறது, மரத்தின் பெயர் இருக்கிறது, மூன்று செட்டின் விலையும் இருக்கிறது. செம்பின் உயரம் எவ்வளவு, வாய் எவ்வளவு என்பது மட்டும் இல்லை. கிணற்றின் ஆழம் சொல்லாமல் கயிறு கேட்டால் கடைக்காரன் என்ன கொடுப்பான்? முதலில் ஒரு தாளில் செம்பை நடுவில் பிளந்த மாதிரி முழு அளவில் வரையுங்கள். டூல் ரெஸ்ட் (உளியைத் தாங்கும் கட்டை) வாய்க்கு வெளியே ஒன்றிரண்டு விரற்கடை தள்ளி நிற்கும். அந்த இடத்திலிருந்து செம்பின் அடிவரை ஸ்கேல் வைத்து அளந்தால் வருவதுதான் உளியின் நீட்டம். உங்கள் லேத்துக்கு 15 செ.மீ. உயரச் செம்பு போதும். நீட்டம் 18 செ.மீ. வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எல்லாக் கணக்கும் இந்த 18-ஐச் சுற்றித்தான்.

கிண்ணம் கடையும்போது உளி ரெஸ்ட்டைத் தாண்டி இரண்டு மூன்று செ.மீ. நீட்டியிருக்கும். கை உணரவே உணராது. குடுவைக்குள் போனதும் அதே உளி துலாக்கட்டையாக மாறிவிடுகிறது. ரெஸ்ட் நடுக்கால், ஒரு முனையில் மரம் கீழே அமுக்குகிறது, மறுமுனையில் நீங்கள் தொங்குகிறீர்கள். அதனால் கைப்பிடி நீளமாக வேண்டும். நீட்டம் ஒரு பங்கு என்றால் ரெஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் நான்கு பங்காவது நான் வைத்துக்கொள்வேன். 18-க்கு 72. கடையில் வரும் சின்னப் பிடிகள் இதற்கு எட்டாது.

இதைவிடப் பெரிய எதிரி கம்பி வளைவது. நீட்டம் இரட்டிப்பானால், அதே அழுத்தத்துக்கு முனை எட்டு மடங்கு வளையும். கம்பெனியில் புதுப் பையன்கள் போரிங் பாரை (ஓட்டைக்குள் போய் வெட்டும் கம்பி) தேவைக்கு மேல் வெளியே நீட்டிக் கட்டினால் எங்கள் ஃபோர்மேன் வேறெதுவும் சொல்லாமல் எட்டு விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். தடிமனில் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. 12 மி.மீ. கம்பியை விட்டு 16-க்குப் போனால் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். 20-க்குப் போனால் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே. என் பட்டறையில் 12 மி.மீ. கம்பி பத்துப் பன்னிரண்டு செ.மீ. நீட்டத்தோடு நின்றுவிடும். 16 மி.மீ. இருபது வரை போகும். 20 மி.மீ. இருபத்தைந்து சொச்சம் வரை. உங்கள் செம்புக்கு 16 மி.மீ. சரியாக இருக்கும்.

இங்கே ஒரு இடைச்செருகல். இரும்புக் கடைக்குப் போனால், "ஈ.என்.24 ராடு வாங்குங்க, அதுதான் விறைப்பா நிக்கும்" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். விறைப்பு என்ற ஒன்றைப் பொறுத்தவரை சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடும் ஈ.என்.24 என்கிற கலப்பு எஃகும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே தடிமன், ஒரே நீட்டம் என்றால் இரண்டும் ஒரே அளவுக்கு வளைந்துகொடுக்கும். ஈ.என்.24 கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிடாமல் பழைய நிலைக்குத் திரும்பும், அந்த ஒரு லாபம்தான். அந்தக் காசுக்கு அடுத்த தடிமனில் எம்.எஸ். ராடு வாங்குங்கள்.

சரி, உளிக்கு வருவோம். இரண்டு போதும். ஒன்று நேர்க்கம்பி. அடிப்பகுதியும் நடுப்பகுதியும் அதன் வேலை. இன்னொன்று முனையில் கழுத்தைத் திருப்பிய வளைகம்பி. வாய்க்கு உட்புறம், தோளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் மரத்தை எடுக்க. இரண்டின் முனையிலும் ஒரு சின்ன ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட், அதாவது மரத்தை வெட்டும் துண்டு. லேத் பட்டறைக்குச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் 3/16 அங்குலச் சதுர பிட் கிடைக்கும். கம்பி முனையில் 6.8 மி.மீ. துளை போட்டால் அந்தச் சதுரத்தின் மூலைகள் கச்சிதமாக உட்காரும். கால் அங்குல பிட் வாங்கிவிடாதீர்கள். அதன் மூலைக்கு மூலை 9 மி.மீ. 16 மி.மீ. கம்பியில் அத்தனை பெரிய துளை போட்டால் சுற்றிலும் தகடு மாதிரிதான் மிச்சம் இருக்கும். பக்கத்திலிருந்து ஒரு 5 மி.மீ. கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகாணி) வைத்து இறுக்குங்கள். ஸ்க்ரூ போட வசதியில்லாத சிலர் ஃபெவிக்விக் விட்டே ஒட்டிவிடுகிறார்கள். கழற்ற வேண்டுமானால் சூடு காட்டினால் போதும். பிட் 10 மி.மீ. வெளியே தெரிந்தால் போதும். மூக்கை உருட்டையாக, குறுகலாகச் சாணை பிடியுங்கள். அகலமான மூக்கு அதிக மரத்தைத் தொடும், தொட்டால் அதிரும்.

வளைகம்பியில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மரத்துக்கு வந்த முதல் வருடம். காய்ந்த வாகைக் கட்டை, 20 செ.மீ. ஆழம். கையில் 12 மி.மீ. கம்பி, அதுவும் நானே வளைத்தது. தோளுக்கு அடியில் எட்டவில்லை என்று கம்பியைப் பின்னுக்கு இழுத்தேன். அப்போது ரெஸ்ட் மேல் இருந்தது கம்பியின் நேர்ப்பகுதி அல்ல, வளைவு. முனை மரத்தைத் தொட்டதும் பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி மொத்தக் கம்பியும் கைக்குள் சுழன்றது. டப்பென்று ஒரு சத்தம். குடுவையின் தோள் மூன்று துண்டாகப் போய் ஷெட்டின் தகரத்தில் மோதியது. பிடியின் பின்முனை என் இடது விலாவில். வீட்டுக்காரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "மரம் கடையப் போனீங்களா, மாட்டுகிட்ட முட்டு வாங்கப் போனீங்களா?" என்றாள்.

அதனால் வளைகம்பிக்கு ஒரே கட்டளை. வளைவு முழுவதும் ரெஸ்ட்டைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும், வெளியே எடுப்பதற்கு முன் மரத்தைவிட்டு விலக்கிவிட வேண்டும். பிட்டின் முனை கம்பியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு ஒதுங்கியிருக்கிறதோ அவ்வளவு திருகும். அதற்காகத்தான் சில உளிகளை முதலில் ஒரு பக்கம் வளைத்து, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, முனையை நடுக்கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வாத்துக் கழுத்து மாதிரி இருக்கும். பார்க்கக் கோமாளித்தனமாகத் தெரிந்தாலும் திருகல் வெகுவாகக் குறையும்.

முனையின் உயரமும் முக்கியம். உள்ளே குடையும்போது பிட், மரம் சுழலும் மையத்துக்கு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) மேலே இருக்கட்டும். கம்பி வளைந்து முனை கீழே இறங்கினாலும் அங்கே சுவர் விலகிப் போகிறது, உளி காற்றில் நிற்கும். மையத்துக்குக் கீழே வைத்திருந்தால் இறங்க இறங்க சுவர் நெருங்கி வரும், உளி கடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் கடையும்போது இது அப்படியே தலைகீழ். பலருக்குக் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: ஹெச்.எஸ்.எஸ். பழைய காலம், கார்பைட் வாங்கினால் சாணையே பிடிக்க வேண்டாம் என்கிறார் நண்பர். உண்மையா? (தேனி வாசகர், ஓய்வு பெற்ற தபால்காரர்)

பதில்: சாணை பிடிக்க வேண்டாம் என்பது பாதி உண்மை. வட்டமான கார்பைட் (எஃகைவிடக் கெட்டியான பொருள்) வில்லையில் ஒரு இடம் மழுங்கினால் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம். முழு வட்டமும் தீர்ந்தால் மேல்முகத்தை வைரத் தகட்டில் தேய்த்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். கீழே விழுந்தால் விளிம்பு உதிரும், அதற்கு மருந்தில்லை.

மேல்முகம் தட்டையான கார்பைட் வில்லையும் சுரண்டும் உளிதான். ஹெச்.எஸ்.எஸ். பிட் செய்யும் அதே வேலை. 12 மி.மீ. வில்லையைப் போட்டு ஆழமாகப் போனால் தொடும் பரப்பு அதிகமாகி, உள்ளே வரிவரியாகச் சேட்டர் (அதிர்வுத் தடம்) விழும். சிறிய வில்லை வாங்குங்கள். கிண்ணம் போல் நடுவில் குழிந்த வில்லை ஒரு வகை இருக்கிறது. அது வேறு ஜாதி. பக்கவாட்டில் ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் சுரண்டாது, சீவும். பச்சை மரத்தில் நூல் நூலாகச் சுருள் வரும், உப்புத்தாள் வேலை பாதி மிச்சம். ஆனால் நேராக நிமிர்த்திப் பிடித்தால் அசுர வேகத்தில் உள்ளே இறங்கிவிடும். கை பழகாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லேத் பட்டறையில் மிச்சமான இன்சர்ட்டை, அதாவது இரும்பு வெட்டும் கார்பைட் வில்லையை, ஓசியில் வாங்கிவந்து மரத்தில் ஓட்டுகிறார்கள். இரும்பு வெட்டும் இன்சர்ட்டின் விளிம்பை, பலம் வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் மழுக்கித்தான் செய்கிறார்கள், மேலே பூச்சு வேறு. மரத்தை அது வெட்டாது, நசுக்கும். அலுமினியம் வெட்டுவதற்கென்று பூச்சில்லாமல், கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒன்று வரும். அதைக் கேட்டு வாங்குங்கள், மரத்தில் நன்றாக ஓடும்.

முதல் வருடம் ஹெச்.எஸ்.எஸ்.ஸிலேயே இருங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். மூக்கின் வடிவம் பிடிக்கவில்லையா, அரை நிமிடத்தில் சாணைக்கல்லில் மாற்றிவிடலாம். சாணையில் நீலம் பாய்ந்துவிட்டதே என்று பதற வேண்டாம், ஹெச்.எஸ்.எஸ்.ஸின் பதம் அதற்கெல்லாம் இறங்காது. பழைய கார்பன் எஃகு உளிக்குத்தான் நீலம் எமன். தேக்கும் தென்னையும் கடைகிறவர்கள் மட்டும் கார்பைட் பக்கம் சீக்கிரம் போகலாம். அந்த மரங்களில் மணல் மாதிரி சிலிகா இருக்கிறது, ஹெச்.எஸ்.எஸ். முனையைப் பத்து நிமிடத்தில் தின்றுவிடும்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவி. அப்பாவின் பட்டறையில் கடைகிறேன். எனக்குக் கை மெலிவு. அரைமணி நேரம் குடைந்தால் மணிக்கட்டு வலிக்கிறது. வீடியோக்களில் லேசர், கேமரா எல்லாம் வைத்துக் குடைகிறார்களே, அது மாதிரி வாங்கினால் சரியாகுமா? (சேலம் வாசகி)

பதில்: அம்மணி, லேசருக்கும் மணிக்கட்டுக்கும் சம்பந்தமில்லை. அவை இரண்டு தனித்தனிச் சங்கதிகள், ஒரே இரும்பில் பூட்டியிருப்பதால் ஒன்றுபோல் தெரிகிறது.

மணிக்கட்டு வலிப்பது திருகலைக் கையால் தடுப்பதால். அதற்கு மூன்று படி வைத்தியம் உண்டு. முதல் படி, கம்பியின் பின்பக்கம் முழங்கையை உள்ளே வைத்துக்கொள்ளும் ஒரு தொட்டில். திருகல் விரலுக்கு வராமல் முன்கை முழுவதற்கும் போய்விடும். இரண்டாம் படி, கம்பியின் பின்முனையில் ஒரு அகலமான சட்டம். லேத்தின் கோடியில் மேலொன்று கீழொன்றாக இரண்டு குறுக்குக் கம்பிகளை வைத்து, அவற்றுக்கு நடுவில் அந்தச் சட்டத்தை ஓட விடுவது. முன்னே பின்னே, இடது வலது என்று எங்கு வேண்டுமானாலும் நகரும், திரும்ப மட்டும் முடியாது. மூன்றாம் படி, முழங்கை மூட்டு மாதிரி மடங்கும் கையொன்றில் கம்பியைப் பூட்டுவது. இரண்டாம் படியோ மூன்றாம் படியோ வைத்துக்கொண்டால் இரண்டு விரலால் தள்ளியே குடையலாம், கடித்தாலும் கை பிழைக்கும். வெல்டிங் தெரிந்த அப்பா இருக்கும்போது இரண்டாம் படியை நீங்களே செய்துகொள்ளலாம். சட்டம் குறுக்குக் கம்பிகளுக்கிடையில் தடதடக்காமல் இருக்க ஒரு மில்லி இடைவெளிக்கு மேல் விடாதீர்கள்.

லேசர் என்பது கண்ணுக்கு. குடுவைக்கு வெளியே, பிட்டின் முனைக்கு நேர் மேலே ஒரு லேசர் புள்ளி விழும்படி கையொன்றில் கட்டுகிறார்கள். சுவர் 8 மில்லி வேண்டுமென்றால் புள்ளியை முனையிலிருந்து 8 மில்லி தள்ளி வைப்பது. குடையக் குடையப் புள்ளி குடுவையின் விளிம்பை நோக்கி நகரும், விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். கேமராவிலும் இதே தத்துவம்தான், திரையில் முனையின் படத்தை வரைந்துவைத்துக்கொண்டு பார்ப்பது. இரண்டிலும் எனக்குள்ள குறை, கண் புள்ளியிலேயே இருப்பதால் காது தூங்கிவிடும். சுவர் மெலிய மெலியச் சத்தம் மாறும். அந்தக் காதைப் பழக்காமல் முதல் நாளே லேசருக்குப் போக வேண்டாம்.

டேவிட் எல்ஸ்வொர்த் என்று ஒரு அமெரிக்கர். 1986-ல் தொடங்கிய அமெரிக்க மரக்கடைசலர் சங்கத்தின் முதல் தலைவர். 1970-களில், சின்ன வாய் வழியாக வளைந்த கம்பியை விட்டு, உள்ளே எதுவும் தெரியாமலே மெல்லிய குடுவைகளைக் கடைந்தார். லேசரும் கிடையாது, கேமராவும் கிடையாது. கையும் காதும்தான். அவர் மாதிரி ஆகுங்கள் என்று சொல்லவில்லை. முதல் பத்துக் குடுவையாவது அப்படிச் செய்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முன்பு மிருதங்கக் கட்டை குடைந்தார்கள். அந்த உளிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை வைத்துக் குடுவை குடையலாமா? (பண்ருட்டி வாசகர்)

பதில்: பலா மரத்து ஊரிலிருந்து கேட்கிறீர்கள், உங்களிடம் நான்தான் கற்றுக்கொள்ள வேண்டும். உளிகளை விற்றுவிடாதீர்கள். ஆனால் மிருதங்கக் கட்டைக்கு இரண்டு பக்கமும் வாய். ஒரு பக்கத்திலிருந்து பாதி, மறுபக்கத்திலிருந்து பாதி என்று குடைந்தால் நீட்டம் பாதியாகிவிடுகிறது. வாயும் கை நுழையும் அளவுக்கு அகலம். உளியைச் சாய்த்துப் பிடித்தாலே வயிற்றை எட்டிவிடும், வளைவே தேவையில்லை. குடுவைக்கு ஒரே வாய், அதுவும் இரண்டு விரல் அகலம். உங்கள் நேர் உளிகள் அடிப்பகுதிக்கும் நடுவுக்கும் உதவும், தோளுக்கு எட்டாது. ஒரு வளைகம்பி மட்டும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வெட்டும் வளையத்தின் மேல் மூடி வைத்த ஒரு வெளிநாட்டு உளியை நிறையச் செலவு செய்து வாங்கினேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. ஏமாந்துவிட்டேனா? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை. அந்த மூடிதான் உளி அளவுக்கு மீறிக் கடிக்காமல் காப்பது. மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகத்தான் சுருள் வெளியே வர வேண்டும். சந்தை ஒரு மில்லிக்கும் குறைவாக வைத்துக்கொண்டு பச்சை வேம்பைக் குடைந்தால் ஈரச் சுருள் கஞ்சி மாதிரி திரண்டு அடைக்காமல் என்ன செய்யும்? மூடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். நான் மொத்த மரத்தையும் சாதாரண பிட்டால் எடுத்துவிட்டு, கடைசி இரண்டு மில்லிக்கு மட்டும்தான் அந்த வளையத்தைத் தொடுவேன். தலைவெட்டு மரத்தில், அதாவது ரேகை லேத்தின் அச்சோடு ஓடும்படி மாட்டிய கட்டையில், அடியின் நடுவில் தொடங்கி வாயை நோக்கி இழுத்தால் அது விட்டுச்செல்லும் பரப்பு வெண்ணெய். வாயிலிருந்து அடிக்குப் போனால் நார் பிய்ந்துகொண்டு வரும். கிண்ணத்துக்குப் பழகிய கைக்கு இது எதிர்த்திசை.

அடைத்ததை விரலால் நோண்டாதீர்கள். லேத்தை நிறுத்தி, காற்று அடித்து ஊதிவிடுங்கள். குடுவைக்குள்ளும் சுருள் தேங்கும். தேங்கிய சுருளில் உளி சிக்கினால் சின்ன வாய் பிளந்துவிடும்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் (குழந்தைகளின் விளையாட்டுப் பாத்திரங்கள்) கடைபவர்கள் பழைய அரத்தையே உளியாக்கிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நாமும் செய்யலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நானும் அங்கே ஒரு பெரியவர் கடைவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பானையை அரத்து உளியால் குடைந்து, அப்படியே சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்தி நிறம் ஏற்றினார். கண்ணை எடுக்க முடியவில்லை. அவருடைய உளி ரெஸ்ட்டைத் தாண்டி இரண்டு விரற்கடைதான் நீட்டியிருந்தது என்பதையும் பார்த்தேன். அரம் கண்ணாடி மாதிரி, கெட்டி, ஆனால் வளையாமல் ஒடியும். 18 செ.மீ. நீட்டத்தில் அது கடித்தால் துண்டாகும், ஒடிந்த துண்டு முகத்துக்குத்தான் வரும். சின்னச் சாமானுக்குச் சரி. குடுவைக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சுவர் எத்தனை தடிமன் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதுவரை மூன்று குடுவைகளுக்கு அடியில் ஓட்டை. (ஈரோடு வாசகர்)

பதில்: மூன்றுதானா? நான் கணக்கை எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அடிக்கு: குடைவதற்கு முன்னாலேயே டெயில் ஸ்டாக்கில் (லேத்தின் எதிர்முனைத் தாங்கி) டிரில் மாட்டி நடுவில் ஒரு துளை, இறுதி ஆழத்துக்கு ஒரு செ.மீ. குறைவாகப் போடுங்கள். அந்தத் துளை மறையும்போது எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் எந்த உளியும் நன்றாக வெட்டாது என்பதால் துளை அந்தத் தொல்லையையும் தீர்க்கும். கம்பியில் ஆழத்தைக் குறித்து ஒரு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். சக்கில் (கட்டையைக் கவ்விச் சுழற்றும் தாடை) கடிக்கக் கொடுக்கும் அடிக்கட்டையின் உயரத்தைக் கழித்தீர்களா என்று பாருங்கள். ஓட்டை விழுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சுவருக்கு: தடித்த கட்டுக்கம்பியை நீண்ட கொண்டை ஊசி மாதிரி வளைத்து, இரண்டு முனைக்கும் நடுவில் 20 மில்லி இடைவெளி வையுங்கள். ஒரு காலை உள்ளே விட்டு, அதன் முனையைச் சுவரில் ஒட்டவையுங்கள். வெளிமுனைக்கும் குடுவைக்கும் நடுவில் 12 மில்லி வெளிச்சம் தெரிந்தால் சுவர் 8 மில்லி. என்னிடம் நல்ல காலிப்பர் இருக்கிறது, ஆனாலும் கை கட்டுக்கம்பிக்குத்தான் போகிறது.

மேலிருந்து கீழாக ஐந்து ஐந்து செ.மீ. முடித்துக்கொண்டே போங்கள். பச்சை மரத்தில் முடித்த சுவர் அரை மணியில் கோணத் தொடங்கிவிடும். திரும்ப மேலே போய்ச் "சும்மா ஒரு தடவு" என்று தொட்டால், மெலிந்த சுவர் உளியோடு சேர்ந்து ஆடும்.

கேள்வி: உள்ளே உப்புத்தாள் எப்படிப் போடுவது? (திருப்பூர் வாசகர்)

பதில்: விரலை விட்டு அல்ல. சின்ன வாய்க்குள் சுழலும் மரம் விரலைப் பிடித்தால் விடாது. மருந்துக் கடையில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (டாக்டர்கள் வைத்திருக்கும் நீண்ட இடுக்கி) கேளுங்கள். அதன் நுனியில் உப்புத்தாளை மடித்துப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம் வரை மட்டும் தேயுங்கள். அதற்குள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? துணியை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே விடுகிறவர்களையும், கழுத்தில் துண்டோடு லேத் முன்னால் நிற்கிறவர்களையும் நான் என் பட்டறைக்குள் விடுவதில்லை.

கேள்வி: முதல் குடுவைக்கு என்ன மரம்? (பொள்ளாச்சி வாசகரே இரண்டாவது கடிதத்தில்)

பதில்: வெட்டி ஒரு வாரத்துக்குள் இருக்கும் பச்சைப் பூவரசு. உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்த மரம், குடைவதும் சுகம். காய்ந்த வாகை வேண்டாம், தூள் மூக்கில் ஏறினால் தும்மி மாளாது. தும்மிக்கொண்டே வளைகம்பி பிடிக்க முடியாது. பூவரசு கிடைக்காவிட்டால் வேம்பு எடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். நான் போடாமல் ஒரு முழு நாள் பச்சை வேம்பு குடைந்தேன், மறுநாள் காலைக் காபி வரை கசந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டாள் என்று வீட்டில் சண்டையே போட்டுவிட்டேன்.